மூன்று குழம்புக் குதிரை

அழிந்துபோன மிருகத்துக்குள்ளே நின்று வேலை பார்க்கிறவனுக்கு அழியாத ஒன்று உண்டென்றால் அது முதுகுவலிதான். ஜவுளிக்கடை வாசலில் கரடியாக நின்று கையாட்டியவர்களே, ஐஸ்கிரீம் கடைக்காகப் பென்குவினாகி வெயிலில் வெந்தவர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்குச் சொன்னால் சிரிப்பார்கள்.

கேட்டவர் யார்?

பிளஸ் டூ முடித்துவிட்டு, மலையாள ஊரில் ஆரியசாலைக் கடைத்தெருவில் சும்மா சுற்றிக்கொண்டிருந்தேன். அப்பாவுக்கு அங்கே ஒரு கயிற்றுக் கடையில் வேலை. நானும் அங்கேதான் வந்து சேரப்போகிறேன் என்று கடைக்காரர் எனக்கு ஒரு ஸ்டூல்கூட ஒதுக்கிவைத்திருந்தார். அந்த ஸ்டூலிலிருந்து தப்பிக்க எனக்கிருந்த ஒரே வழி தொண்டை. பஸ் கண்டக்டர், கோயில் மைக், பிரின்சிபால், பக்கத்து வீட்டு மிக்ஸி, எல்லாம் அதில் வரும்.

கிழக்கேகோட்டை மைதானத்தில் கூடாரம் அடித்துப் பழங்கால மிருகக் கண்காட்சி போட்டிருந்தார்கள். அதை நடத்தியவர் சசி சார். அவரிடம் போய் என் சரக்கையெல்லாம் இறக்கினேன். கேட்டுவிட்டு ஒரு ரப்பர் குதிரையைக் காட்டினார். பெயர் ஹிப்பேரியன். இன்றைய குதிரைக்கு என்றைக்கோ செத்துப்போன சொந்தக்காரன். குட்டைக் குதிரை உயரம். கால் ஒன்றுக்கு மூன்று குளம்பு, நடுவில் பெரியது, இரண்டு பக்கமும் தொங்குகிற மாதிரி சின்னது. முன்பாதிக்குள் நான் நின்று தலையை ஆட்ட வேண்டும், கனைக்க வேண்டும்.

"இது எப்படி சார் கத்தும்?" என்றேன். எந்தக் குரலையும் ஒருமுறை கேட்டால் போதும் எனக்கு. அந்த ஒருமுறைக்குத்தான் கேட்டேன்.

சசி சார் சொன்னார்: "எடா அப்பீ, அதெனிக்கு எங்ஙனெ அறியாம்? கேட்டவராரும் இப்போ ஜீவனோடெ இல்லல்லோ!"

பின்பாதி

பின்பாதியில் சுடலை அண்ணன். வள்ளியூர்க்காரர். கட்டட வேலைக்கு வந்து, முதுகு பிடித்துக்கொண்டு, இனி சிமென்ட் மூட்டை தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகு குதிரைக்கு வந்தவர். முதுகு பிடித்தவருக்கு நாள் முழுக்கக் குனிந்து நிற்கிற வேலை! அவரைக் கேட்டால், "மூட்டை கனக்கும், நீ கனக்க மாட்டியே" என்பார்.

அவர் நெற்றி என் முதுகில் முட்டிக்கொண்டிருக்கும். வெளியே பகல் வெயில், உள்ளே ரப்பர், மின்விசிறி கிடையாது. முதல் நாள் முடிந்து வேஷத்தைக் கழற்றியபோது, முதல் நாள் எப்படி இருந்தது, நான் கனைத்தது எப்படி என்று ஆசையாகக் கேட்டேன். அண்ணன் நிமிர முடியாமல் நிமிர்ந்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு தம்பி. நாளைக்காவது குளிச்சிட்டு வா."

இது இல்லே

கனைப்பை நானாகவே செய்துகொண்டேன். கல்யாண ஊர்வலக் குதிரையில் பாதி, கழுதையில் கால், மிச்சத்துக்குப் பக்கத்து வீட்டு மிக்ஸி. கூட்டம் கை தட்டியது.

கோட்டைத் தெருவிலிருந்து ஒரு சின்னப் பெண் அப்பாவோடு வந்திருந்தாள். முன்பல் இரண்டு இல்லை. நான் கனைத்து முடித்ததும் தலையை இடமும் வலமுமாக ஆட்டினாள். "அப்பா, இது அது இல்லே."

"நீ எப்போடி கேட்டே அதை?" என்றார் அப்பா.

மறுநாள் சாயங்காலம் கழுதையைக் கூட்டி மிக்ஸியைக் குறைத்துப் பார்த்தேன். அவர்களும் வந்தார்கள், தலை மறுபடியும் இடமும் வலமும். அப்புறம் அது அவர்களுடைய தினசரி நடையாகிவிட்டது. பரீட்சைக்கு இப்படி உழைத்திருந்தால் அம்மா மொட்டை போட்டிருப்பாள். ஒருநாள் பொறுக்காமல் குதிரை வாய்க்குள்ளிருந்தே, "பின்னே எப்படிம்மா இருக்கும்?" என்று கேட்டுவிட்டேன். குதிரை பேசியதில் அவளுக்கு ஆச்சரியமே இல்லை. "நேக்குத் தெரியாது. ஆனா இது இல்லே."

சோறு எங்கே?

வாசல் போர்டை மூன்று பாஷையில் எழுதச் சொல்லியிருந்தார் சசி சார். தமிழை மட்டும் பெயின்டருக்குப் போனில் சொல்லியிருக்கிறார்கள். அவர் காதில் விழுந்தபடி எழுதிவிட்டார்: 'மூன்று குழம்புக் குதிரை.' ள போய் ழ வந்ததில் காலில் இருந்தது இலைக்கு வந்துவிட்டது. சுடலை அண்ணன் முதல் நாளே படித்திருக்கிறார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். ஸ்டாஃபுக்கு மெஸ் போடுகிறார்கள் போல என்று நினைத்தாராம். மத்தியானம் வரைக்கும் காத்திருந்தாராம்.

ஒருநாள் நம்ம ஊர் ஓட்டல் வேலைக்காரர்கள் மூன்று பேர், லீவு நாள், நல்ல பசி, டிக்கெட் வாங்கி உள்ளே வந்தார்கள். எலும்புகளைத் தாண்டி, யானைத் தந்தத்தைத் தாண்டி நேராக என் முன்னால் வந்து நின்றார்கள். கனைத்தேன். காலைத் தூக்கி மூன்று குளம்பையும் காட்டினேன். பெரியவர் என் காலைப் பார்த்தார், சுற்றிலும் பார்த்தார், பிறகு குதிரையின் மூக்கருகே குனிந்து கேட்டார்: "கொழம்பு மூணு, சரி. சோறு எங்கடே?"

முட்டுவேதனை

போர்டைத் திருத்தச் சொன்னேன். "இருக்கட்டே, ஆளு வருன்னுண்டல்லோ" என்றுவிட்டார் சசி சார். அதை நாள் முழுக்கப் பார்த்துப் பார்த்து என் நாக்கும் கெட்டது. குதிரைக்குள்ளிருந்து மைக்கில் அறிவிப்பதும் என் வேலைதான்; அதை மலையாளத்தில் சொல்லும்போதும் குளம்பு குழம்பாகவே விழுந்தது. மலையாளத்தில் குழம்பு என்றால் சோற்றில் ஊற்றுவதில்லை; உடம்பில் தேய்க்கிற வைத்தியத் தைலம்.

வித்துராவிலிருந்து பஸ் ஏறி வந்த ஒரு அம்மா, முழங்காலைப் பிடித்துக்கொண்டு என் எதிரே உட்கார்ந்துவிட்டார். நான் கனைத்தேன். அவர் பொறுமையாகக் கேட்டு முடித்தார். பிறகு டாக்டரிடம் பேசுகிற மரியாதையோடு குதிரையிடம் கேட்டார்: "அதொக்கெ ஸரி மோனே. மூணு குழம்பில் முட்டுவேதனைக்கு நல்லது ஏதா?"

எல்லாரும் சாயைக்கு

அலுப்பு முற்றினால் எனக்குக் குறும்பு வரும். ஒரு மத்தியானம் குதிரைக்குள்ளிருந்தே மைக்கில் சசி சார் குரலை எடுத்தேன்: "எல்லா ஸ்டாஃபும் போயி ஓரோ சாய குடிச்சிட்டு வா!" டிக்கெட் கவுண்டர் மூடியது. லைட்காரர் லைட்டை அணைத்தார். சுடலை அண்ணன் பின்பாதியைக் கழற்றிக்கொண்டு போயே போனார். நான் இரண்டு காலோடு இருட்டில் நின்றேன்.

இதில் சசி சாரும் தன் குரலைக் கேட்டுக் கிளம்பி, சாயைக்கடையில் பாதி கிளாஸ் குடித்த பிறகுதான் யோசித்திருக்கிறார், நாம் எப்போது சொன்னோம் என்று. திரும்பி வந்தவர் திட்டவில்லை. கடைசி நாள் மேடையில் பத்து நிமிஷம் தருவதாகச் சொன்னார். அன்றைக்கு ஒரு மிமிக்ரி ட்ரூப்பின் ஆள் வருவாராம்; பிடித்தால் எடுத்துக்கொள்வாராம். கயிற்றுக் கடை ஸ்டூல் என் கண்ணெதிரே கால் உடைந்து விழுந்தது. அவர் கேட்டது ஒன்றே ஒன்று, அதுவரை தன் குரலைத் தொடக் கூடாது: "அது வரெ என்னெ ஒந்நு வெறுதெ விடடா."

ஒன்று விழுந்தாச்சு

குதிரையும் தேய்ந்தது. ஒரு சாயங்காலம் முன்னங்காலின் ரப்பர்க் குளம்பு ஒன்று கழன்று உருண்டு போய்விட்டது. ஒரு காலேஜ் பையன் எடுத்துக் கொடுத்தான். ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்தேன். அவன் தன் சேக்காளியிடம் சொல்லிக்கொண்டே போனான்: "இன்னும் ஒண்ணு விழட்டும், இப்பத்திக் குதிரை ஆயிடும்."

பின்னாலிருந்து ஒரு குரல்

மேடைக்கு இரண்டு நாள் இருக்கும்போது தொண்டை கட்டியது. எப்படிக் கட்டாது? கூட்டம் வரும்போதெல்லாம் கனைப்பு. இஞ்சி, பனங்கற்கண்டு, வெந்நீர், எதுவும் கேட்கவில்லை. அம்மாவை மாதிரி பேசினால் அப்பா வந்தார். அப்பாவை மாதிரி பேசினால் யாருமே வரவில்லை.

"நீ பேசாம இரு தம்பி. மேடைக்குச் சேத்து வை. நான் கனைக்கேன்," என்றார் சுடலை அண்ணன். அந்தக் குனிந்த முதுகோடு, அந்த வேர்வையில், எனக்காக அவர் தம் கட்டிக் கனைத்ததை நான் மறக்கவே மாட்டேன். நல்ல கனைப்புதான். வந்த திசைதான் தப்பு. கூட்டம் என் முகத்திலிருந்து மெதுவாகப் பின்பக்கம் திரும்பியது. ஒரு குழந்தை கேட்டது: "அம்மா, இதுக்கு வாய் அங்கேயா?"

பத்து நிமிஷம்

கடைசி நாள் மேடை ஏறினேன். முன்வரிசையில் ட்ரூப்காரர், கைகட்டிக்கொண்டு. கண்டக்டரை எடுத்தேன், காற்று வந்தது. பிரின்சிபாலை எடுத்தேன், இருமல் வந்தது. சசி சாரை எடுத்தபோது அவரே பரிதாபப்பட்டுக் கையை ஆட்டினார், இறங்கு என்று. ஸ்டூல் திரும்ப எழுந்து நின்றது. வேறென்ன இருக்கிறது, பழக்கதோஷம், கடைசியாகக் கண்ணை மூடிக்கொண்டு கனைத்தேன். கல்யாணக் குதிரையும் இல்லை, கழுதையும் இல்லை. துருப்பிடித்த கேட்டை யாரோ அழுதுகொண்டே திறக்கிற மாதிரி ஏதோ ஒன்று, அடிவயிற்றிலிருந்து.

 கூட்டத்தில் ஒரு நாற்காலி மேல் ஏறி நின்று, இல்லாத பல்லெல்லாம் தெரியக் கத்தினாள் அவள்: "அப்பா! இதுதான்! இதேதான்!"

கை தட்டினார்கள். இறங்கியதும் ட்ரூப்காரர் தோளில் கை வைத்தார். தொண்டை சரியானால் மைக் பார்க்கலாமாம். அதுவரைக்கும் அவர் ஷோவில் ஒரு துணி யானை இருக்கிறதாம், முன்பாதி காலியாம்.  தலையாட்டினேன், தலையாட்டத்தான் நன்றாகப் பழகியிருந்ததே. பின்னால் யாரோ என் சட்டையை இழுத்தார்கள். சுடலை அண்ணன் காதோடு சொன்னார்: "தம்பி, பெறத்தால எடம் இருக்கான்னு கேளு."

ஆக, சக வேஷக்காரர்களே, யாரும் கேட்டிராத மிருகத்திலிருந்து ஊரே கேட்ட மிருகத்துக்கு நாங்கள் இரண்டு பேரும் பதவி உயர்ந்திருக்கிறோம், இனி தப்பாகக் கத்தினால் சொல்லிக்கொள்ளச் சாக்குக்கூடக் கிடையாது.