மார்த்தாளின் விரல்கள் திறந்த புதன்கிழமை

சபையாரே, முட்டாளுக்கு ஒரு சிலை வைப்பதென்று நம்மூரில் தீர்மானித்தால் கல்லுக்கு அலைய வேண்டாம். என்னையே நிறுத்திவிடலாம். ஆம்பூர் தோல் கம்பெனியில், தோலை முடி கழிய ஊறவைக்கிற சுண்ணாம்புக் குழிக்கு மேஸ்திரி நான். குழித் தண்ணீரை இரண்டு விரலில் தேய்த்தே காரம் ஜாஸ்தியா கம்மியா என்று சொல்லிவிடுவேன். இப்பேர்ப்பட்ட கெட்டிக்காரன், சொந்த மனைவியின் உடம்பில் சுண்ணாம்பு தீர்ந்துகொண்டே வந்ததை அறியவில்லை. அறியாததுகூடப் பரவாயில்லை. அதை வைத்துச் சிரிப்புக் காட்டினேன். அந்த வெட்கத்தைத்தான் இங்கே அவிழ்க்க வந்திருக்கிறேன்.

போன வருஷம், ஈஸ்டருக்கு முந்திய லெந்து நாட்கள். எங்கள் நாலாவது பிள்ளைக்கு எட்டு மாதம், பால்குடி. "இன்னாங்க, உதட்டுல எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு. வெரலெல்லாம் மரத்துப் போவுது" என்றாள் மார்த்தாள்.

"நீ எவ்ளோ தித்திப்புன்னு எறும்புக்குத் தெரிஞ்சிருக்கு" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

பிறகு கை விறைக்க ஆரம்பித்தது. ஐந்து விரலும் கூம்பி, கட்டைவிரல் உள்ளே மடங்கி நிற்கும். கொஞ்ச நேரத்தில் தானாக விடும். பாத்திரம் துலக்கும்போது வந்ததால், இது வேலைக்கு டிமிக்கி என்று நானே தீர்ப்புச் சொல்லிவிட்டேன். மறுநாள் கம்பெனியில் என் கையை அப்படியே கூப்பிக்காட்டி, "துடைப்பத்தைக் கண்டா என் பொண்டாட்டிக்கு இப்டி ஆயிடுது" என்று நடித்தேன். குழிமேட்டில் எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

பக்கத்துக் குழி காதர் மட்டும் சிரிக்கவில்லை. "பேஜாரான வெளாட்டுடா யோசேப்பு. டாக்டராண்ட காட்டு மொதல்ல" என்றார்.

வாரம் ஒரு நாள் ரோட்டோரம் மோட்டார் வண்டியை நிறுத்தி மருந்து கொடுக்கிற டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். காதுக்கு முன்னால் கன்னத்தை விரலால் தட்டினார். மார்த்தாளின் உதடு வெடுக்கென்று துள்ளியது.

"ரத்தத்துல சுண்ணாம்புச் சத்து ரொம்பக் கம்மி. நாளைக்கே வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வாங்க."

"சுண்ணாம்பா? என் வேட்டிய ஒதறினா ஒரு வீட்டுக்கு வெள்ளையடிக்கலாமேம்மா!"

"நாளைக்கே" என்றார் அவர்.

நான் போகவில்லை. சுண்ணாம்புக்காக ரயில் ஏறினான் சுண்ணாம்பு மேஸ்திரி என்று நாளைக்கு எவனாவது சிரித்தால்? கம்பெனிக் கிடங்கில் நல்ல கல் சுண்ணாம்பாகப் பார்த்து எடுத்துவந்தேன். நீற்றி, தெளிந்த தண்ணீரை வடித்து, டம்ளர் டம்ளராகக் குடிக்கவைத்தேன். "எரியுதுங்க" என்றாள். "மருந்துன்னா எரியும்" என்றேன். இரண்டு நாள் இந்த வைத்தியம் நடந்தது.

மூன்றாம் நாள், ஈஸ்டர் கழிந்த புதன்கிழமை. காலையில் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தவள் அப்படியே விறைத்துப்போனாள். இரண்டு கையும் கூம்பின. பாதங்கள் வளைந்தன. தொண்டை இறுகி, மூச்சை இழுக்கும்போது சேவல் கூவுவதுபோல் ஒரு சத்தம். முகம் நீலம் பாய்ந்தது. கொஞ்சம் விட்டது. மறுபடி இறுகியது. காதர்தான் ஜட்கா வண்டி பிடித்துவந்து எங்களை ஸ்டேஷனில் சேர்த்தார்.

ரயிலில் பிள்ளை என் மடியில். அவள் தலை என் தோளில். சபையில் நீட்டி முழக்கி ஜெபிக்கிறவனுக்கு அன்றைக்கு வார்த்தை இல்லை. அவள் கையைப் பிடித்தேன். நான் நடித்துக்காட்டிய அதே கை. அழுதுவிட்டேன். "ஆண்டவரே, என் வாயை வேணும்னா பூட்டிடும். அவ கையைத் தொறந்துடும்." வேலூருக்கு இறங்குகிற காட்பாடி வரைக்கும் இதே ஜெபம்தான். இரண்டு தடவை மூச்சு நின்றது. இரண்டு தடவையும் திரும்பி வந்தது.

ஆஸ்பத்திரியில் அதே டாக்டரம்மா. நான் சுண்ணாம்புத் தண்ணீர் குடிக்கவைத்ததைச் சொன்னபோதும் ஒரு வார்த்தை திட்டவில்லை, திட்டியிருக்கலாம். சுண்ணாம்புச் சத்து மருந்தை ஊசியில் ஏற்றி, நரம்பில் மெதுவாக, மிக மெதுவாக இறக்கினார். "உடம்பெல்லாம் சூடா பரவுதுங்க" என்றாள் மார்த்தாள். என் கண் எதிரே சுண்டுவிரல் நிமிர்ந்தது. அடுத்து மோதிரவிரல். ஒவ்வொன்றாய் ஐந்தும் திறந்தன. நான் தரையில் முழங்கால் போட்டேன்.

பிற்பாடு டாக்டரம்மா விளக்கினார். கழுத்துக்குள் கோதுமை மணி அளவில் நாலு உருண்டை இருக்கிறதாம். அவை ராப்பகலாய் ரத்தத்தை ருசி பார்க்குமாம். சுண்ணாம்பு இம்மி குறைந்தால் ஒரு ரசத்தைச் சுரந்து, எலும்பிலிருந்து எடு, சிறுநீரில் போகவிடாதே என்று உடம்புக்கு உத்தரவு போடுமாம். யோசித்துப் பாருங்கள்! நான் சம்பளம் வாங்கிக்கொண்டு பீற்றிக்கொள்கிற வேலையை, அந்தக் கோதுமை மணி சத்தமில்லாமல் செய்கிறது.

"ஆனா நாலு பிள்ளைக்கு எலும்பும் பாலும் குடுத்து இவங்க எலும்பே கரைஞ்சிப்போச்சி. வெயில் படாத வீடு வேற. வெயில் இல்லன்னா, தின்ற சுண்ணாம்பும் வயித்தத் தாண்டி ரத்தத்துல சரியா சேராது. நீங்க ஊத்துனதுல தொண்டை வெந்ததுதான் மிச்சம்" என்றார். அப்புறம் கேட்டார்: "வீட்ல பால் இருக்கா?"

"ஆடு இருக்கும்மா."

"அந்தப் பாலை யார் குடிக்கிறது?"

சுண்ணாம்புக் குழியில் நிற்கிறவன் தினம் பால் குடிக்காவிட்டால் நெஞ்சு வெந்துவிடும் என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. ஆறு வருஷமாக அந்த ஒரு டம்ளர் பாலும் எனக்குத்தான். தன் கையால் காய்ச்சி, தன் கையால் ஆற்றிக் கொடுத்தவள் மார்த்தாள். சுவரோரம் திரும்பிப் படுத்திருந்தாள். பதிலை நான்தான் சொன்னேன்.

இப்போது பால் அவளுக்கு. தினம் ஒரு கரண்டி மீனெண்ணெய். காலையில் பிள்ளையோடு வெயிலில் உட்காருகிறாள். வீட்டு வேலையில் பாதி என் தலையில். அன்றைக்குப் பிறகு விரல் கூம்பவில்லை. குழிமேட்டிலும் போய், நான் நடித்தது பாவம் என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். அதற்கும் சிரித்தார்கள். பொறுத்துக்கொண்டேன்.

பிரியமானவர்களே, உங்கள் வீட்டில் யாராவது வலிக்கிறது என்றால் நம்புங்கள். ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், ஓடும்போதே ஜெபியுங்கள். என்னைப் போன்ற கோமாளியின் ஜெபத்தையே தள்ளாதவர் உங்களுடையதைத் தள்ளமாட்டார். அவர் என்னை மன்னித்தார் என்று எனக்கு நிச்சயம் உண்டு. சாட்சி சொல்ல இங்கே வருமுன், அரிசி புடைத்துக்கொண்டிருந்த மார்த்தாளிடமும் கேட்டேன்: "நீயும் மன்னிச்சிட்டியா?"

முறத்திலிருந்து தலை நிமிராமலே சொன்னாள்:

"பாக்கலாம்."