மச்சான் படுத்துக்கொண்டு ஓட்டிய மோட்டார் சைக்கிள்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் இழுத்துவிட்டேன். மச்சான் இருக்கும்போது எழுதினால் கேலி செய்ததாக ஆகும். போன பிறகு எழுதினால் அதைவிடப் பெரிய கேலி. போன வெள்ளிக்கிழமை பிள்ளையார் கோயில் வாசலில் யாரோ புது மோட்டார் சைக்கிளுக்குப் பூசை போட்டார்கள். பெட்ரோல் வாசமும் உடைத்த தேங்காயின் வாசமும் சேர்ந்து மூக்கில் ஏறியது. கும்பிடப் போனவன் அப்படியே நின்றுவிட்டேன். அப்பனே, எழுதிவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மச்சான் என் அக்காவின் வீட்டுக்காரர். ஐம்பதுகளின் கடைசி அது. துடியலூரில் அவர்கள் வீடு; பம்புசெட் செய்யும் பட்டறை ஒன்றில் அவருக்கும் எனக்கும் வேலை. நான் எட்டாவதோடு நின்றவன். அவர் பத்தாவது எழுதினவர், அதனால் எங்கள் குடும்பத்துக்கு விஞ்ஞானி.

ஒருநாள் பழைய மோட்டார் சைக்கிளில் போனவர் ஹேண்டில்பாரைத் தாண்டிப் பறந்து தலைக்குப்புற விழுந்தார். மூன்று வாரம் படுக்கை. அவர் எழுந்து நடந்தால் ஆடிப் பதினெட்டுக்குக் கொடுமுடி வந்து காவிரியில் முழுகுவதாக அக்கா வேண்டிக்கொண்டாள். அக்கா சாமியை நினைத்த அதே மூன்று வாரத்தில் மச்சானும் ஒன்றை நினைத்தார். படுத்திருந்தவருக்குப் படுப்பதைப் பற்றித்தானே யோசனை வரும்.

"மாப்ள, கட்டல்ல இருந்து உழுந்து எவனாச்சும் செத்திருக்கானா? உசரந்தான் ஆளக் கொல்லுது."

"கட்டலு நாப்பது மைலு வேகத்துல போகாதுங்க மச்சான்."

"இதுக்குத்தான் நீ எட்டாவதோட நின்னுபோட்ட."

எழுந்து நடந்ததும் அவரே ஒரு வண்டி கட்டினார். பட்டாளத்து ஏலத்தில் வந்த எஞ்சின், தண்ணீர்க் குழாயை வளைத்துப் பற்றவைத்த சட்டம், நடுவில் எங்கள் வீட்டு ஈசிசேர்த் துணி. அப்பா தரையில் உட்கார்ந்து பேப்பர் படிக்க ஆரம்பித்தது அப்போதுதான். மச்சான் மல்லாந்து படுத்து, காலை முன்னால் நீட்டி, வானத்தைப் பார்த்துக்கொண்டு ஓட்டுவார். அவர் தலைக்குப் பின்னால், அவரைவிட இரண்டு சாண் உயரத்தில், அக்காவுக்கு என்று ஒரு சீட்டு. வேண்டுதலுக்கு இந்த வண்டியில்தான் கூட்டிப் போவேன் என்று சொல்லிவிட்டார். அக்கா சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. இதில் ஏதாவது ஒரு நட்டு கழன்று தொலையட்டும் என்று தினமும் விளக்கேற்றி நான் வேண்டினேன். மச்சான் முடுக்கின நட்டை ஆண்டவனாலும் அசைக்க முடியவில்லை.

வண்டியின் குணத்தைச் சொல்ல வேண்டும். வேகமாகப் போனால் ஒழுங்காகப் போகும். மெதுவாகப் போனால் கள்ளுக்கடையில் இருந்து வருகிறவன் மாதிரி போகும். திருப்புவதற்கு ஒரு சோளக்காடு வேண்டும். தெருநாய்கள் முன்பெல்லாம் காலைத் துரத்தும். இப்போது நேராக முகத்தோடு முகம் வைத்துப் பேசின. கால் முன்னால் நீட்டி மல்லாந்து போகிற ஆளை ஜனங்கள் என்னவென்று நினைப்பார்கள்? தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஒதுங்கி நின்றார்கள். ஒரு அம்மா கன்னத்தில் கை வைத்து, "பாவம், எந்தூருங்களோ" என்றார்.

"துடியலூருங்க" என்று படுத்தபடியே மரியாதையாகப் பதில் சொன்னார் மச்சான். அந்த அம்மா நடுரோட்டில் உட்கார்ந்துவிட்டார். அன்றிலிருந்து அதற்குப் பெயர் பாடை வண்டி.

ஆடிக்கு முன்னால் ஒரு வெள்ளோட்டம். அக்காவின் எடைக்குத் தேங்காயை மூட்டை கட்டிப் பின் சீட்டில் வைத்துக்கொண்டார். துலாபாரத்தைக் கோயிலில்தான் பார்த்திருக்கிறேன், இப்படி நாற்பது மைல் வேகத்தில் பார்த்ததில்லை. வளைவில் எப்படித் திரும்புகிறது என்று பார்த்துச் சொல்ல, துடியலூர் தாண்டி ஒரு டீக்கடை முன்னால் என்னை நிறுத்தியிருந்தார். என்னைத் தாண்டி ஒரு காலி மாட்டு வண்டி போனது. பின்னாலேயே மச்சான் வந்தார்.

ஹாரன் இருந்தது. ஆனால் பெரியவர்களைப் பார்த்து ஹாரன் அடிப்பது மரியாதை இல்லை என்பது அவர் கட்சி. படுத்தபடி கூப்பிட்டார். "ஏனுங்க, சித்த ஒதுங்குங்க."

வேறு ஊர் வண்டிக்காரராக இருந்தால் ஒதுங்கியிருப்பார். இவர் நம் ஊர்க்காரர். கூப்பிட்டவருக்கு முகம் கொடுக்காமல் போவது தப்பு என்று மாட்டை இழுத்துப் பிடித்து, வண்டியை நடுரோட்டிலேயே நிறுத்தி, திரும்பிப் பார்த்தார். அந்த உயரத்தில் யாரும் இல்லை.

"ஆருங்க கூப்புட்டது?"

அவர் கேட்டு முடிப்பதற்குள் மச்சான் வண்டிக்கு அடியில் போயிருந்தார்.

முன்சக்கரம் மாட்டு வண்டியின் அச்சில் முட்டி நின்றது. நான் ஓடினேன். மச்சான் அடியிலிருந்து தவழ்ந்து வெளியே வந்தார். முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். பல்லெல்லாம் சிரிப்பு.

"பாத்தயா மாப்ள. உசரமா இருந்திருந்தா தல போயிருக்கும். நாஞ் சொன்னனா இல்லியா?"

வண்டிக்காரர் அதற்குள் பின்பக்கம் வந்து குனிந்து பார்த்தார். "சாமிக்குங்களா? எல்லாம் நல்லா செதறியிருக்குதுங்க."

அப்போதுதான் மச்சான் திரும்பினார். மாட்டு வண்டியின் பின்கட்டை மூட்டையின் நடுவில் நுழைந்திருந்தது. தேங்காய்த் தண்ணீர் சாக்கின் வழியாக ரோட்டில் வடிந்துகொண்டிருந்தது. மச்சான் அந்தக் கட்டையில் கை வைத்தார். அதே கையை அப்படியே நகர்த்தி மூட்டைக்குக் கொண்டுவந்தார். அக்கா உட்கார்ந்திருந்தால் கழுத்துக்கும் கீழே, நெஞ்சு உயரம். வெறும் ரோட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

அதே மாட்டு வண்டியில்தான் எங்களையும் மூட்டையையும் பாடை வண்டியையும் ஏற்றிக்கொண்டு வந்தார் வண்டிக்காரர். அக்கா சாக்கைப் பிரித்தாள்.

"என்னுங்க, ஒண்ணுகூட முழுசா இல்லீங்களே?"

"உம்பட எடத்துல வெச்சிருந்தேன் அம்மணி" என்றார் மச்சான்.

அக்கா சில்லுகளைச் சாக்கிலேயே திரும்பப் போட்டுக் கட்டினாள். "அப்பக் கொடுமுடிக்கு ரயில்லயே போயிருலாங்க" என்றாள். ஆடிப் பதினெட்டுக்கு இருவரும் ரயிலில் போய் முழுகி வந்தார்கள். பாடை வண்டியின் சட்டத்தை மச்சானே அறுத்துப்போட்டார்.

அந்த ரோட்டில் இப்போது மாட்டு வண்டி கிடையாது, டீக்கடை கிடையாது, சோளக்காடும் கிடையாது. யாரையும் 'ஏனுங்க' என்று கூப்பிட்டுப் பாருங்கள், நிற்க மாட்டார்கள். நல்ல முன்னேற்றம்தான், பின்னால் வருகிறவன் பிழைத்துக்கொள்வான்.

எங்கள் சொந்தத்தில் இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் சுவைக்காக அக்காவைப் பின்னால் ஏற்றிவிடுகிறார்கள். ஒருத்தர் அவளுக்குக் கால்கூட உடைத்துவிட்டார். நீங்கள் யாருக்காவது சொன்னால் நான் எழுதியபடியே சொல்லுங்கள். அந்தச் சீட்டில் தேங்காய்தான் இருந்தது.