உட்காருங்கள், குட்டி பார்க்கட்டும்

யுத்தம் தொடங்குவதற்கு முன் நாங்கள் ஸ்ரீவில்லிபுத்தூரில் குடியிருந்தோம். நான் பிரசவம் பார்க்கும் நர்சு. யார் வீட்டில் வலி கண்டாலும் என் வாசலுக்கு ஆள் ஓடிவரும். நான் கிளம்பிவிட்டால் பள்ளிக்கூட வாத்தியாரான எங்கள் வீட்டுக்காரர் தனியாக இருக்க வேண்டும். திருட்டுப் பயம் என்று சொல்லிக்கொள்வார். எலி ஓடினாலே விளக்கைப் பெரிதாக்குகிற மனுஷர்.

அதனால் ராஜபாளையத்திலிருந்து ஒரு நாய்க்குட்டியைத் தூக்கிவந்தார். வெள்ளை வெளேரென்று இருந்தது, மூக்கு மட்டும் ரோஸ். கொடுத்தவர் வீட்டில் தெலுங்கு பேசுகிற பருத்தி விவசாயி. எனக்குப் புத்தி சொல்ல அவரும் வண்டி கட்டிக்கொண்டு கூடவே வந்திருந்தார்.

“வேத்தாள் கண்ணுல காட்டிராதீக நர்சம்மா. பல்லு விழுந்து முளைக்கிற மட்டும் இருட்டு ரூம்புல கட்டிப் போடுங்க. எங்க ஊரு வழக்கம். அப்பத்தான் ஒத்த ஆளுக்கு அடங்கும்.”

“என் வீட்டுக்கு வாரதே வேத்தாள்தானய்யா. கடிச்சு வச்சா எவன் வருவான்? அங்க ஒருத்தி வலியில கெடப்பா.”

“நாய்னா கடிக்கத்தான செய்யும்,” என்றார் நிதானமாக. எங்கள் வீட்டுக்காரரும் தலையை ஆட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வண்டி தெருமுக்குத் திரும்பியதும் குட்டியை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தேன். தெருநாய்களிடம் சீக்கு தொற்றிக் குட்டிகள் செத்துக்கொண்டிருந்த சமயம். அதனால் தரையில் விடாமல் இடுப்பில் வைத்துக்கொண்டு கோயில் கொட்டு, பஸ் ஹாரன், விரித்த குடை எல்லாவற்றையும் தூரத்தில் நின்று காட்டினேன். நாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதால் எதிர்வீட்டு மாமி, “ஞானஸ்நானம் எப்போ?” என்று கேட்டாள்.

வாசலுக்கு வருகிறவர்களுக்கு ஒரு சட்டம் போட்டேன். வந்ததும் உட்கார வேண்டும். நான் தரும் இட்லித் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். குட்டி தானாக வந்தால் வரட்டும், பிடித்து இழுக்கக் கூடாது. அதற்குள் நான் சேலை மாற்றிப் பெட்டியை எடுத்துவிடுவேன்.

புதுப்பட்டியிலிருந்து வந்த ஒரு பையன், கல்யாணமாகி வருஷம்கூட ஆகாதவன், இட்லியை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். “ஏலே, சட்டுனு தின்னுலே. அங்க எம்பொண்டாட்டி கத்துதாலே,” என்று குட்டியிடம் கெஞ்சினான். அது ஆற அமர முகர்ந்து பார்த்துக் கொட்டாவி விட்டது.

நாய் இடுப்பு உயரம் வளர்ந்தது. யாரையும் கடிக்கவில்லை. “திருடன் வந்தா இதுவே விளக்குப் பிடிக்கும்,” என்று எங்கள் வீட்டுக்காரர் நொந்துகொண்டார். எனக்கு வேண்டியதெல்லாம் என் வாசலுக்கு ஆள் பயமில்லாமல் வந்து சேர வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு மத்தியானம் அந்த விவசாயியே வந்தார். வீட்டுக்காரிக்குத் தலைச்சன் பிரசவம். எங்கள் நாய் அவர் வேட்டியை முகர்ந்துவிட்டு வழிவிட்டது. உடனே கிளம்பினோம். அவர் வீட்டு வாசலில் ஒரு வெள்ளை நாய் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது.

“பிடிச்சுக் கட்டுங்க,” என்றேன்.

“நாயனா வளத்தது. அவிய சொன்னாத்தான் கேக்கும். வேத்தாள் வரையில நாம்பிடிச்சா என்னையே கடிச்சிரும்.” நாயனா என்றால் அவர்களுக்கு அப்பா.

“அவிய எங்க?”

“தேவதானத்துல. வயல் பாக்கப் போயிருக்காக.”

உள்ளே அந்தப் பெண் அலறுவது தெருவுக்குக் கேட்டது. தொழுவத்துச் சுவரில் ஏணி சாத்தச் சொன்னேன். சேலையை வரிந்து கட்டி ஏறினேன். ஒவ்வொரு படிக்கும் அவரை ஒரு ஏச்சு ஏசினேன். அந்தப் பக்கம் வைக்கோல் போரில் சறுக்கி விழுந்து, தலையெல்லாம் வைக்கோலோடு அறைக்குள் ஓடினேன். பிள்ளையின் கழுத்தில் கொடி சுற்றியிருந்தது. செத்த நேரம் பிந்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்க இன்றும் எனக்குப் பிடிக்காது. கொடியை விலக்கி, பிள்ளையை எடுத்து முதுகைத் தேய்த்தேன். வீறிட்டு அழுதது. பெண் குழந்தை.

வெளியே நாய் அந்தப் புதுச் சத்தத்தைக் கேட்டு உறுமியது. விவசாயி குழந்தையைக் கையில் வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

“நர்சம்மா, அதுக்கு இவளும் வேத்தாள்தான?”

எனக்கு வாய்வரை ஏச்சு வந்தது. விழுங்கிவிட்டு, பிள்ளையைத் துடைத்த துணியை அவரிடம் நீட்டினேன்.

“நாயனா வந்ததும் அவிய கையில இதக் குடுங்க. மொதல்ல நாய் மோந்து பாக்கட்டும்.”