முடியாது என்று சிரித்தவர்

திருநின்றவூரிலிருந்து போகும் மின்சார ரயிலில், மூவர் சீட்டில் நாலாவது ஆளாக ஒட்டிக்கொள்வது வழக்கம். ஜன்னலோரத்து அக்கா மட்டும் அதற்கு மசியவே மாட்டார். தடித்த கண்ணாடி, மடியில் வேர்க்கடலைப் பொட்டலம். "கொஞ்சம் தள்ளி உக்காரும்மா" என்று யாராவது கேட்டால், "முடியாதும்மா" என்று அழகாகச் சிரிப்பார், அவ்வளவுதான். நான்தான் என் இடத்தில் பாதியைக் கொடுத்துவிட்டு விளிம்பில் தொங்குவேன்.

ஒருநாள் கேட்டேவிட்டேன். "ஏன்க்கா காரணமே சொல்ல மாட்டேங்கறீங்க?"

"காரணம் சொன்னா அதுக்கு ஒரு பதில் வெச்சிகினு இருப்பாங்க. சிரிச்சா இன்னா பண்ணுவாங்க?"

ஆவடி தாண்டியதும் என் மேனேஜர் போனில் அழைத்தார். இந்த ஞாயிறும் ஆபீசுக்கு வர வேண்டுமாம். வாரம் முழுக்க நான் ஏங்கிக் கிடந்த தூக்கம்! போன மாதம்தான் இல்லாத பெரியப்பா ஒருவரைச் சாகடித்து லீவு வாங்கியிருந்தேன். அடுத்து யாரைச் சாகடிப்பது என்று திணறும்போது, அக்கா என்னைப் பார்த்துப் பல் தெரியச் சிரித்துக் காட்டினார்.

"முடியாது சார்" என்றேன், நானும் சிரித்துக்கொண்டே.

 "சரி, நான் பாத்துக்கறேன்" என்றார் மேனேஜர்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. "அக்கா, அம்பத்தூர் வரைக்கும் அந்த ஜன்னல் சீட்டைத் தர்றீங்களா?"

"முடியாது கண்ணு."

அதே அழகான சிரிப்பு. எனக்குக் கோபமே வரவில்லை. ஏன் என்றுதான் இன்னும் புரியவில்லை.