வீட்டுக்கு லெட்டர் போட்டுட்டேன் சார்

பட்டாளத்திலிருந்து லீவில் வரும்போதெல்லாம் என் சித்தப்பாவிடம் அக்கம்பக்கத்தார் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை பேரைச் சுட்டீங்க?" என்பதுதான். சித்தப்பா கூச்சமே படாமல் சொல்வார்: "நான் பாராசூட் மடிக்கிறவனுங்க."

கேட்டவர் முகம் சப்பென்று ஆகிவிடும். ஆனால் அது லேசுப்பட்ட வேலை இல்லை. நீளமான மேசையில் துணியை விரித்து, கயிறுகள் ஒன்றோடொன்று சிக்காமல் நீவி, மடித்து, பைக்குள் அடைத்து, அட்டையில் கையெழுத்துப் போட வேண்டும். விமானத்திலிருந்து குதிக்கிறவன் உயிர் அந்தக் கையெழுத்தை நம்பித்தான். பத்தொன்பது வருஷம் அதைச் செய்தார். குதிக்கிற ஆசை மட்டும் அவருக்கு வந்ததே இல்லை. உயரம் என்றாலே உதறல். வீட்டில் பல்பு மாற்றுவதுகூடச் சித்திதான்.

ஒருமுறை பயிற்சியில் குதித்த சிப்பாய் ஒருவனுக்குக் கணுக்கால் முறிந்துவிட்டது. பாராசூட் சரியாக விரியவில்லை என்று பேச்சு கிளம்பியது. அட்டையில் இருந்தது சித்தப்பாவின் கையெழுத்து. விசாரித்த அதிகாரியிடம் மனுஷர் ரோஷத்தில் சொல்லிவிட்டார்: "நான் மடிச்சதுல எதை வேணும்னாலும் எடுங்க சார். நானே மாட்டிக்கிட்டுக் குதிக்கிறேன்."

அதிகாரி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். மூன்று வாரப் பயிற்சி. அது முடிகிற சமயத்தில் சித்தப்பா சித்திக்கு எழுதினார்: 'வெள்ளிக்கிழமை குதிக்கிறேன். கவலைப்படாதே.'

வியாழக்கிழமை, ஆஸ்பத்திரியில் கிடந்த சிப்பாய் உண்மையைக் கக்கிவிட்டான். பாராசூட் நன்றாகத்தான் விரிந்ததாம். இறங்கும்போது இவன்தான் காலை அகட்டி வைத்திருக்கிறான். அதிகாரி சித்தப்பாவைக் கூப்பிட்டு, "நீ குதிக்க வேண்டாம். போய் வேலையைப் பாரு" என்றார்.

"இல்ல சார், குதிச்சுடறேன்."

"ஏன்யா?"

"வீட்டுக்கு லெட்டர் போட்டுட்டேன் சார்."

குதித்தார். யாரோ ஒருவருடைய வெங்காய வயலில் விழுந்து, முழங்கைச் சிராய்ப்போடு எழுந்தார். 'குதித்தால் என் முகத்தில் முழிக்காதீர்கள்' என்ற சித்தியின் பதில் மூன்று நாள் கழித்துத்தான் போய்ச் சேர்ந்தது. "மேலேருந்து பார்க்க எப்படி இருந்துச்சு சித்தப்பா?" என்று நாங்கள் கேட்டால், "யாரு கண்ணைத் திறந்தா?" என்பார்.

ஓய்வு பெற்ற பிறகு ஓர் ஆஸ்பத்திரியின் துணி அறையில் பதினோரு வருஷம் வேலை பார்த்தார். போன மாதம், எழுபத்து மூன்று வயதில், மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

துக்கம் கேட்க வந்தவர்களில் அந்த ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தியும் இருந்தாள். சித்தியின் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னாள்:

"வேலைக்குச் சேர்ந்த புதுசுல ஒரு நாள் டாக்டர் எல்லார் முன்னாடியும் திட்டிட்டாரும்மா. துணி ரூமுக்குள்ள போய் ஒளிஞ்சுகிட்டு அழுதேன். ஐயா என்ன ஏதுன்னு ஒண்ணுமே கேட்கல. ஸ்டூலை இழுத்துப் போட்டு, 'நல்லா அழு. யாராவது வந்தா தலகாணி உறை எண்ணிக்கிட்டு இருக்கோம்னு சொல்லிக்கலாம்'னார். அப்புறம் வாசல்ல நின்னுகிட்டு, நிஜமாவே சத்தமா எண்ணினாரும்மா. இருநூறு வரைக்கும்."

சித்திக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அவர் போனபிறகு அவள் சிரித்தது அப்போதுதான். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே இந்த மனுஷன்!" என்று கண்ணைத் துடைத்தபடி நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேற என்னெல்லாம் பண்ணாரு? சொல்லும்மா."