கண் கட்டிய ராணி

ஜபாரின் சைக்கிள் கரியரில் ஊர் ஊராக ராஜாக்களும் ராணிகளும் கட்டுண்டு போவார்கள். எல்லாம் பழைய வெள்ளைக்கார ஓவியங்களின் அச்சுப் படங்கள். தன் வீட்டுச் சுவரில் ஒன்றையும் மாட்டமாட்டார்; உருவப்படம் இருக்கிற வீட்டுக்கு மலக்குகள், அல்லாவின் வானவர்கள், வரமாட்டார்கள் என்று பயம். விற்கும்போது மட்டும் அந்தப் பயம் எங்கே போகுமோ!

பள்ளிவாசல்துறைக்குப் போனபோது மீன்பிடிக் குடும்பத்துப் பாக்கியம்மா ஒரு படத்தை உருவி எடுத்தாள். வெள்ளை உடுப்பில், கண் கட்டப்பட்டு முழங்காலில் நிற்கும் இளம்பெண்.

"ஜபார் நானா, இது புனிதைதானே?"

"ஓம் தங்கச்சி."

வாய் முந்திக்கொண்டது. வேதக்காரரின் புனிதர்களை அவர் எங்கே கண்டார்?

அதே படத்தின் இன்னொரு பிரதியின் அடியில் இருந்த இங்கிலீசை மகள் ரம்ஸியா பிறகுதான் வாசித்துச் சொன்னாள். அவள் சீமை ராணியாம். தலையை வெட்டப் போகிற நேரமாம். ஜபாருக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தக் கிழமையே பாக்கியம்மாவின் புருசன் பஸ்தியானின் படகு கரைக்கு வரவில்லை. நாட்டில் சண்டை முடிந்து கடல் திறந்த பிறகு எல்லாரும் தூரம்தான் போனார்கள். பாக்கியம்மா அந்தப் படத்தின் முன்னால் மெழுகுதிரி கொளுத்திக்கொண்டு பச்சைத் தண்ணீரும் குடிக்காமல் இருக்கிறாள் என்று சந்தையில் கதை. பஸ்தியானுக்கு ஏதாவது நடந்தால் அந்தப் பழி தன் தலையில்தான் என்று பயந்து ஜபார் அவள் வீட்டுக்குச் சைக்கிளை மிதித்தார்.

அந்தோனியாருக்கும் மாதாவுக்கும் நடுவில் ராணி இருந்தாள்.

"தங்கச்சி, நான் பொய் சொல்லிட்டன். இவ புனிதை இல்ல, ராணி. கண்ணைக் கட்டித் தலைய வெட்டினாங்களாம்."

ஏச்சு வரும் என்று குனிந்து நின்றார். பாக்கியம்மா படத்தையே பார்த்தாள்.

"இவ்வளவு சின்னப் பிள்ளையையா? ஐயோ, இவளுக்கு ஆரு மன்றாடினதோ!" என்றவள், இன்னொரு திரியை ஏற்றினாள். "நீங்களும் எங்கட அவருக்கு அல்லாட்ட ஒரு துஆக் கேளுங்க நானா."

படம் விற்கிறவனின் துஆ ஏறுமா? கரையில் நின்று, அந்தப் பயத்தோடேயே கையேந்தினார்.

மறுநாள் எஞ்சின் பழுதான படகைக் கட்டி இழுத்து வந்தார்கள். பஸ்தியான் உயிரோடு இருந்தான்.

ஜபார் பார்க்கப் போனபோது புனிதர்களுக்கு நடுவில் ராணியைக் காணவில்லை. கழற்றி எறிந்துவிட்டாள் என்றே நினைத்தார். எதிர்ச் சுவரில், செத்துப்போன தாய் தகப்பன் படங்களுக்குப் பக்கத்தில், அந்த வீட்டுப் பிள்ளையாக அவளை மாட்டியிருந்தாள் பாக்கியம்மா.