அவளைக் கேட்காமல் சொன்னேன்

அவள் சம்மதிக்கவில்லை. சம்மதித்தாள் என்று பத்திரிகைகளுக்கும் சபைக்கும் என் மனைவிக்கும் நான் சொன்னது பொய்.

பதினொரு வருடங்களாக அந்தப் பொய்யின் மேல் நின்று கைதட்டல் வாங்கியிருக்கிறேன். நீங்களும் கைதட்டியிருக்கக்கூடும்.

நான் யாரென்று சொல்லிவிடுகிறேன். வுப்பர்டாலில் ஒரு ஜெர்மன் சபைக்கு இருபத்தாறு வருடம் போதகராக இருந்த தமிழன். எண்பதுகளில் கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் ஒரு தோள்பையோடு இறங்கியவன். இறையியல் படித்து, இந்த நாட்டவருக்கு இவர்களுடைய மொழியிலேயே பிரசங்கம் செய்தவன். புகலிடம் மறுக்கப்பட்டவர்களைத் தேவாலயத்துக்குள் தங்கவைத்து, பொலிஸாரை வாசலோடு திருப்பி அனுப்பியவன்!

ஓர் உயிர்த்த ஞாயிறன்று பிரசங்கத்துக்குப் பதிலாக, நாடுகடத்தப்பட்டவர்களின் பெயர்களை வாசித்தேன். மூப்பர் ஒருவர் நடுவில் எழுந்து போனார். அவருக்குப் பின்னால் முன்வரிசைகள் மூன்றும் காலியாயின. நான் கடைசிப் பெயர் வரை வாசித்தேன். பொலிஸார் கறுப்பு இளைஞர்களை மட்டும் மறித்துச் சோதிக்கிறார்கள் என்று ரயில் நிலைய வாசலில் போதகர் அங்கியோடு உட்கார்ந்தேன். நான்கு பேர் சேர்ந்துதான் என்னைத் தூக்கி அகற்றினார்கள். சபையின் மேலிடம் இரண்டு முறை எழுத்தில் கண்டித்தது. அந்தக் கடிதங்களைக் கண்ணாடிச் சட்டம் போட்டு என் அறையில் மாட்டினேன்.

நம் ஆட்களிலும் பலருக்கு என்னைப் பிடிக்காது. "பாஸ்டர் தன்ர பேருக்காக எங்கள் எல்லாரையும் மாட்டிவிடப் பாக்கிறார்" என்று என் காதுபடவே சொன்னார்கள்.

பெருமைப்படுகிறேனா? ஆம், படுகிறேன். உங்களிடம் ஏன் மறைக்க வேண்டும்? அதே பெருமைதான் என்னை அந்தச் சனிக்கிழமைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது...

அவளுடைய பெயர் சுகந்தி என்று வைத்துக்கொள்வோம். மன்னார்ப் பக்கத்தவள். எட்டு வயது மகளோடு வந்தாள். தனக்கு அனுமதி கிடைத்ததும் கணவரை அழைப்பதாக ஏற்பாடு. புகலிடம் கேட்டுக் கொடுத்த அன்ட்ராக் நிராகரிக்கப்பட்டது. மேல்முறையீடும் தோற்றது. தாயையும் மகளையும் சபை மண்டபத்துக்கு மேலிருந்த அறையில் வைத்துக்கொண்டோம். நான்கு மாதங்கள் அவர்கள் அந்த வளவைத் தாண்டவில்லை.

ஒரு பிற்பகல், உலர்ந்த துணிகளை மடித்துக்கொண்டே, இலங்கையில் தடுப்பு முகாமில் தனக்கு நடந்ததை அவள் எனக்குச் சொன்னாள். அதை இங்கே எழுத மாட்டேன். விசாரணையில் அவள் அதைப்பற்றி வாயே திறந்திருக்கவில்லை. மொழிபெயர்க்க வந்திருந்தவர் அவளுடைய ஊர்க்காரர்.

"இதைச் சொன்னால் உம்மை அனுப்பமாட்டாங்கள், பிள்ளை" என்றேன்.

"ஏலாது பாஸ்டர். இவருக்குத் தெரிஞ்சால் என்ர வாழ்க்கை முடிஞ்சுது. நீங்கள் ஆருக்கும் சொல்லமாட்டீங்கள்தானே?"

"சொல்லமாட்டன்" என்றேன். போதகராகச் சொன்னேன்... கடவுளின் முன்னால் சொன்னேன்!

பிறகு அந்தக் கடிதம் வந்தது. தேவாலயப் புகலிடத்தை இனி மதிக்கப்போவதில்லை, செவ்வாய்க்கிழமை கூட்டிப்போக வருவோம் என்று வெளிநாட்டவர் அலுவலகம் எழுதியிருந்தது. சனிக்கிழமை காலை பத்திரிகையாளர்களை மண்டபத்துக்கு அழைத்தேன். சட்டத்தைப் பற்றியும் இரக்கத்தைப் பற்றியும் பேசினேன். அவர்கள் அலுத்துப்போனார்கள். ஒருவர் எழுந்து மேலங்கியை மாட்டத் தொடங்கினார்.

அப்போதுதான் சொன்னேன்.

அவளுடைய பெயரைச் சொல்லவில்லைதான். ஆனால் அந்த மண்டபத்தின் மேல்மாடியில் இருந்த தமிழ்ப் பெண் யாரென்று இந்த நகரத்தில் எந்தத் தமிழருக்குத் தெரியாது? மேலங்கி மாட்டியவர் மீண்டும் உட்கார்ந்தார். பேனாக்கள் ஓடின. சொல்லக் கூசுகிறது, அந்தக் கணம் எனக்குப் பிடித்திருந்தது. நாளைய தலைப்புக்கு ஏற்ற ஜெர்மன் வார்த்தையைக்கூட நின்று தேர்ந்தெடுத்தேன்!

ஒரு பெண் நிருபர் கேட்டார்: "இதை வெளியிட அவர் சம்மதித்தாரா?"

"ஆம்" என்றேன்.

அவள் எனக்கு மேலே, பதினெட்டுப் படிகள் தள்ளி இருந்தாள். "ஒரு நிமிடம் பொறுங்கள்" என்று சொல்லிவிட்டு ஏறிப்போய்க் கேட்டிருக்கலாம். ஏன் போகவில்லை? அவளுடைய பதில் எனக்குத் தெரிந்திருந்ததால் போகவில்லை.

செவ்வாய்க்கிழமை பொலிஸ் வரவில்லை. தேவாலய வாசலில் முந்நூறு பேர் பூக்களோடு நின்றார்கள். வழக்கைத் திரும்ப எடுத்தார்கள். அவளுக்கும் மகளுக்கும் நிரந்தரமாக இருக்க அனுமதி கிடைத்தது. அந்தத் தீர்ப்பைக் காட்டி வழக்கறிஞர்கள் வேறு பெண்களுக்காகவும் வாதாடினார்கள், வென்றார்கள். அந்தப் பெண்களில் சிலர் இன்றும் பிள்ளைகளோடு வந்து என் கையைப் பிடிக்கிறார்கள். அதை யாரும் என்னிடமிருந்து பிடுங்க முடியாது.

ஆனால் புதன்கிழமை மன்னாரிலிருந்து தொலைபேசி வந்தது. உறவினர் யாரோ செய்தியை அனுப்பியிருந்தார்கள். கணவர் பேசியது ஒரு நிமிடம்கூட இருக்காது. அதன்பிறகு அவர் அவளோடு பேசவேயில்லை.

சுகந்தி கீழே இறங்கி வந்தாள். கத்தவில்லை, அழவில்லை. "உங்களை நம்பித்தானே சொன்னனான்" என்றாள். அவ்வளவுதான். அனுமதி கையில் கிடைத்த வாரமே மகளோடு நகரத்தின் மறுகோடிக்குப் போய்விட்டாள்.

அந்தப் புதன்கிழமை மாலை என் மனைவி கேட்டாள்: "அந்தப் பிள்ளையிட்டைக் கேட்டுத்தானே சொன்னனீங்கள்?"

"ஓம், முதல் சம்மதிச்சவ. பிறகு பயந்திட்டா" என்றேன். பாதிக்கப்பட்டவளையே மாற்றிப் பேசுபவளாக்கினேன்... எத்தனை எளிதாக வந்தது அந்த வாக்கியம்!

நான் ஓய்வு பெற்றபோது நகரசபை எனக்கு ஒரு பதக்கம் தந்தது. "தன் கதையைச் சொல்லத் துணிந்த அந்தப் பெண்ணையும் நினைவுகூர்வோம்" என்றார் பேச்சாளர். அரங்கமே எழுந்து நின்றது. நானும் எழுந்து நின்று கைதட்டினேன். என்ன மனிதன் நான்?

சென்ற மாதம் அவளைத் தேடிப் போனேன். முதியோர் இல்லமொன்றில் தாதியாக வேலை செய்கிறாள். இடைவேளையில் தோட்டத்து வாங்கில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் வாய் திறக்குமுன் அவளே பேசினாள்.

"நீங்கள் சொல்லாட்டில் என்னை அனுப்பியிருப்பாங்கள். ஓம், அது எனக்குத் தெரியும். என்ர மகள் இண்டைக்கு யூனியில படிக்கிறாள். அதுவும் உங்களாலதான்." என் பக்கம் திரும்பினாள். "ஆனா பாஸ்டர், அங்கை முகாமில என்னட்டை ஆரும் கேக்கேல்லை. இஞ்சை நீங்களும் கேக்கேல்லை."



மறுபடி அந்தச் சனிக்கிழமை வந்தால் என்ன செய்வேன் என்று கேட்கிறீர்களா? நானும் கேட்டுக்கொள்கிறேன். படியேறிப் போவேன் என்று சொல்லத்தான் ஆசை. அவள் ஏலாது என்றால்? செவ்வாய்க்கிழமை அவளை விமானத்தில் ஏற்றுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பேனா? தெரியவில்லை... சத்தியமாகத் தெரியவில்லை. செய்ததை எண்ணி வெட்கப்படும் அதே நெஞ்சு அதை எண்ணி நிமிரவும் செய்கிறது. என்னால் இரண்டையும் பிரிக்க முடியவில்லை.

உண்மையை எழுத வேண்டும் என்று அவளிடம் சொன்னேன். இந்த முறை கேட்டேன்.

சுகந்தி கைக்கடிகாரத்தைப் பார்த்து எழுந்தாள்.

"எழுதுங்கோ. பேரை மாத்திப்போடுங்கோ" என்றாள். இரண்டு அடி நடந்துவிட்டுத் திரும்பினாள். "ஆனா நான் மன்னிச்சிட்டன் எண்டு மட்டும் எழுதிப்போடாதேங்கோ. அதுவும் பொய்யாப் போயிடும்."